ஒரே குக்கர், நாலு நாக்கு: வீட்டில் எல்லோரும் சாப்பிடும்படி சமைப்பது எப்படி

நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒருவருக்கு வெண்டைக்காய் ஆகாது. ஒருவருக்கு முள்ளங்கி சாம்பார் என்றால் வாசலிலேயே மூக்கு சுளிக்கும். பெரியவருக்குக் காரம் கூடாது. பிள்ளையின் தட்டில் பச்சையாக எதுவும் தெரியக் கூடாது. காலை ஏழரைக்குள் டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டிய சென்னை வீட்டில் ஆளுக்கொரு சமையல் நடக்கிற காரியம் இல்லை. நடக்கக்கூடியது இரண்டுதான். பிடிக்காதது காயா, அதைச் சமைத்த விதமா என்று பிரித்துப் பார்ப்பது ஒன்று. ஒரே பாத்திரத்தில் ஆரம்பித்துச் சரியான இடத்தில் பிரித்து எடுப்பது இன்னொன்று.

"பிடிக்கலை" என்றால் என்ன பிடிக்கலை?

"ஏன் சாப்பிடலை?" என்று கேட்டால் "பிடிக்கலை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "வாயில வெச்சா எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். வழவழன்னு இருக்கு, கசக்குது, வாடை வருது, நார் மாட்டுது, குழகுழன்னு இருக்கு என்று ஏதாவது ஒன்று வரும். அதுதான் வேலைக்கு ஆகிற பதில். வழவழப்பும் குழகுழப்பும் பெரும்பாலும் சமையல் கோளாறு, சரி செய்துவிடலாம். வாடையைப் பாதிக்கு மேல் குறைக்கலாம். கசப்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் பி.டி.சி. என்ற பொடியைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. சில கசப்புகளை உணர்வதும் உணராததும் பரம்பரையாக வருகிறது என்ற ஆராய்ச்சி அங்கிருந்துதான் கிளம்பியது. ஆகவே "நான் சாப்பிடறேனே, உனக்கு மட்டும் என்ன?" என்று பாகற்காய்க்குச் சண்டை போட்டுப் பயனில்லை. கொத்தமல்லித்தழையும் இப்படித்தான், சிலருக்கு அது சோப்பு மாதிரி மணக்கும். அவர்களுக்கு ரசத்தின் மேல் பச்சையாகத் தூவாமல், வதக்கித் துவையலாக அரைத்துக் கொடுத்துப் பாருங்கள். இலையை நசுக்கும்போது அந்த வாடைக்குக் காரணமான பொருள் பெருமளவு சிதைந்துவிடும்.

ஒன்றை மட்டும் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். கத்திரிக்காயோ இறாலோ சாப்பிட்டதும் உதடு வீங்குவது, தொண்டை அரிப்பது, உடம்பில் தடிப்பு வருவது எல்லாம் ஒவ்வாமை. அந்தப் பொருளை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெண்டைக்காய்: தண்ணீர்தான் எதிரி

வெண்டைக்காய்க்குள் இருக்கும் பசை தண்ணீர் பட்டால் இழுக்கும். கழுவி ஈரத்தோடு நறுக்குவது, நறுக்கிய பிறகு கழுவுவது, மூடி போட்டு வேகவைப்பது, ஆரம்பத்திலேயே உப்பு போடுவது என்று இந்த நாலில் ஒன்று நடந்தாலும் கடாயில் நூல் விடும்.

முதல் நாள் இரவே கழுவித் துணியில் பரப்பி வைத்துவிட்டால் காலையில் வேலை மிச்சம். இல்லாவிட்டால் கழுவியதும் ஒவ்வொன்றாகத் துடைத்தே ஆக வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தில் அரை மணியில் தானாகக் காய்ந்துவிடும் என்று நம்பாதீர்கள். வாங்கும்போது நுனியை லேசாக மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் முற்றல், அதை எப்படி வதக்கினாலும் நார்தான். (நுனியை ஒடித்துப் பார்த்தால் கடைக்காரர் முறைப்பார். ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

கால் கிலோ காய்க்கு அகலமான இரும்புக் கடாய் வேண்டும். சின்ன வாணலியில் குவித்துப் போட்டால் அடியில் இருப்பது வதங்க, மேலே இருப்பது தன் ஆவியிலேயே வெந்து பிசுபிசுக்கும். அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். மெல்லிய வட்டமாக நறுக்கினால் வெட்டுவாய் அதிகமாகிப் பசையும் அதிகமாக வெளியே வரும். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்துக் காயைப் போடுங்கள். தீ நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும், மூடி வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தோசைத் திருப்பியால் அடியோடு புரட்டிவிட்டால் போதும். கிண்டிக்கொண்டே இருந்தால் காய் உடைந்து மறுபடி பசை விடும்.

ஐந்தாவது நிமிடத்தில் நூல் தெரியும், பயப்பட வேண்டாம். அப்போது ஒரு மேசைக்கரண்டி புளிக்கரைசலோ புளித்த தயிரோ தெளித்தால் நூல் அறுந்துவிடும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் ஓரங்கள் சிவந்து காய் சுருங்கும். அதன் பிறகுதான் அரை தேக்கரண்டி உப்பும் முக்கால் தேக்கரண்டி மிளகாய்த்தூளும். இரண்டு நிமிடம் கழித்து இறக்கிவிடலாம். குழம்புக்குப் போடுவதானாலும் இதேபோல் தனியாக வதக்கிக்கொண்டு, கொதிக்கிற புளித்தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும்.

மற்ற வம்புக் காய்கள்

பாகற்காயின் கசப்பை முழுதாக எடுக்க முடியாது, எடுத்தால் அது பாகற்காயும் இல்லை. மேல் முகட்டை லேசாகச் சீவி, விதையை நீக்கி, மெல்லிய அரைவட்டமாக நறுக்குங்கள். கால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் பிசறி அரை மணி வைத்து, வருகிற சாற்றை இறுக்கிப் பிழிந்து கொட்டுங்கள். உப்பு சாற்றை வெளியே இழுப்பதோடு, நாக்கில் கசப்பு தெரிவதையும் குறைக்கிறது. பிழிந்த காயில் உப்பு தங்கியிருக்கும் என்பதை மறந்து, வழக்கமான அளவு உப்பைத் திரும்பப் போடுவதால்தான் பல வீட்டில் பாகற்காய் வறுவல் கரிக்கிறது. இன்னமும் கசப்பு தாங்காதவர்களுக்குப் புளியும் நெல்லிக்காய் அளவு வெல்லமும் சேர்த்துப் பிட்லையாகச் செய்யலாம்.

கோஸும் முள்ளங்கியும் கந்தக வாடைக் காய்கள். கோஸ் எவ்வளவு நேரம் வேகிறதோ அவ்வளவு நாறும். குக்கரில் வைத்தால் வீடு முழுக்கச் சொல்லும். முந்நூறு கிராம் கோஸைப் பொடியாக நறுக்கி, ஊறிய பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, திறந்த கடாயில் பெரிய தீயில் ஆறேழு நிமிடம் வதக்கினால் தீர்ந்தது. பல்லுக்குக் கொஞ்சம் கறுக்கென்று இருக்கும்போதே தேங்காய்த்துருவல் போட்டு இறக்குங்கள். முள்ளங்கியைச் சாம்பாரில் பச்சையாகப் போடாமல், வட்டமாக நறுக்கி ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கி, பிறகு மஞ்சள்தூள் போட்ட தண்ணீரில் மூடாமல் வேகவிட்டால் காட்டமான வாடை ஆவியோடு போய்விடும். நறுக்கும்போது நடுவில் வலைபோலப் பஞ்சு கட்டியிருந்தால் முற்றிய முள்ளங்கி, அதை எந்த வித்தையும் காப்பாற்றாது.

கத்திரிக்காயில் பிடிக்காதது பெரும்பாலும் குழைந்த சதையும் கசக்கிற விதையும்தான். தோல் பளபளப்பாக, அழுத்தினால் மீண்டு வருகிற காயாக வாங்குங்கள். மங்கி மஞ்சளோடிய தோல் என்றால் உள்ளே விதை முற்றியிருக்கும். நறுக்கியதும் உப்புத் தண்ணீரில் போட்டுக் கறுக்காமல் காத்து, பிழிந்து, நிறைய எண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கிய பிறகு குழம்பில் சேர்த்தால் துண்டு துண்டாக நிற்கும்.

சேனைக்கிழங்கு தொண்டையை அரிப்பதற்குக் காரணம் அதிலிருக்கும் ஊசி போன்ற ஆக்சலேட் துகள்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கிப் புளித்தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள்.

சுரைக்காய் விஷயத்தில் ஒரு கட்டாய விதி உண்டு. நறுக்கும் முன் பச்சையாக ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போட வேண்டியதுதான். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சு, வேகவைத்தாலும் போகாது, கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். "கொஞ்சம் கசக்குது, புளி போட்டா சரியாயிடும்" என்பது இங்கே மட்டும் கூடவே கூடாது.

ஒரு பருப்பு, மூன்று சாப்பாடு

வீட்டில் எத்தனை நாக்கு இருந்தாலும் சமாளிப்பது குக்கரில் வைக்கிற துவரம்பருப்புதான். நாலு பேருக்கு 200 கிராம். அரை மணி ஊறட்டும். முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், பொங்கி வழியாமல் இருக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஒரு துளி பெருங்காயம். நாலு விசில் வந்ததும் சிம்மில் ஐந்து நிமிடம். உப்பும் புளியும் இப்போது வேண்டாம்.

ஆறு விசில் விட்டும் பருப்பு கரையாமல் முழித்துக்கொண்டு நின்றால் குக்கரைத் திட்டாதீர்கள். பழைய பருப்பாக இருக்கலாம், இல்லையென்றால் போர் தண்ணீராக இருக்கும். அந்த உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பை வேகவிடாமல் இறுக்கிவிடும். பருப்பு வேகவைக்க மட்டுமாவது கேன் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

வெந்ததும் மசிப்பதற்கு முன்னால் பிரிக்க வேண்டும். மேலாகத் தெளிந்து நிற்கும் பருப்புத்தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்தால் அது ரசத்துக்கு. கெட்டியாக இரண்டு கரண்டி எடுத்து உப்பும் நெய்யும் சேர்த்தால் பிள்ளைக்கும், காரம் ஆகாத பெரியவருக்கும் பருப்பு சாதம் தயார். மீதி எல்லாம் சாம்பாருக்கு.

சாம்பாரில் வரிசை முக்கியம். கால் கிலோ காயை மஞ்சள்தூள், கொஞ்சம் உப்போடு தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு, அதன் பிறகுதான் சின்ன எலுமிச்சை அளவு புளியின் கரைசலும் இரண்டரைத் தேக்கரண்டி சாம்பார்ப்பொடியும். புளி முதலில் விழுந்தால் காய் இறுகி, எவ்வளவு கொதித்தாலும் வேகாது. பச்சை வாடை போக எட்டு, பத்து நிமிடம் கொதித்ததும் மசித்த பருப்பை ஊற்றி மூன்று நிமிடம் வைத்துத் தாளித்துவிடலாம்.

எந்தக் காயைப் போடுவது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. முருங்கைக்காய், கேரட், முள்ளங்கி வட்டம் எல்லாம் பிடிக்காதவர் எடுத்துத் தட்டோரம் வைக்கக்கூடியவை. கத்திரிக்காய், பரங்கிக்காய், தக்காளி கரைகிறவை, குழம்போடு கலந்த பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பதம் பிடிக்காதவர் இருக்கும் வீட்டில் எடுத்து வைக்கிற காயைப் போடுங்கள். வாடை பிடிக்காதவர் இருந்தால் இது உதவாது, முள்ளங்கியை எடுத்து வைத்தாலும் வாடை குழம்பில் தங்கிவிடும். அவருக்குக் காய் போடும் முன்பே ஒரு கிண்ணம் சாம்பாரைப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரிக்கிற நாளில் புளியையும் பொடியையும் பருப்போடு காயில்லாமல் கொதிக்கவிட்டு, காயைத் தனியாக வேகவைத்துக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெங்காயமும் பூண்டும் சேர்க்காதவர், அமாவாசைக்கு மட்டும் தவிர்ப்பவர் இருந்தாலும் இதே வழிதான். பத்துச் சின்ன வெங்காயத்தைத் தாளிக்கிற கரண்டியில் தனியாகப் பொன்னிறமாக வதக்கி, அவருடைய பங்கை எடுத்த பிறகு மீதிச் சாம்பாரில் கொட்டுங்கள். வெங்காயத்தைக் குழம்பிலேயே வேகவிட்டதைவிட மணம் கூடத்தான் வரும்.

ரசத்துக்குப் புளியும் தக்காளியும் முதலில் எட்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும். பிறகு இடித்த மிளகு, சீரகம், பூண்டு போட்டு, எடுத்து வைத்த பருப்புத்தண்ணீரோடு இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டி எழும்பும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் மிளகு சீரக மணம் சமையலறைக்குப் போய்விடும், டம்ளரில் வெறும் புளித்தண்ணீர்தான் மிஞ்சும்.

காரமும் உப்பும்

காரம் குறைவாக வேண்டுகிறவரின் அளவுக்குச் சமையுங்கள், கூடுதலாக வேண்டுகிறவர் தட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். மோர்மிளகாய், ஊறுகாய், இட்லிப்பொடி எல்லாம் அதற்காகத்தான் மேசையில் இருக்கின்றன. கை தவறிக் காரம் கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், காரம் தண்ணீரில் கரைவதில்லை. நெய், தேங்காய்ப்பால், தயிர் என்று கொழுப்புள்ள ஏதாவது சேர்த்தால்தான் அடங்கும். சாப்பிடும்போது உறைத்தாலும் தண்ணீரைவிட ஒரு வாய் தயிர் சாதம் சீக்கிரம் கேட்கும்.

உப்பு கூடினால் உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். உருளைக்கிழங்கு தான் குடிக்கிற குழம்பில் இருக்கிற உப்பைத்தான் எடுத்துக்கொள்ளும், மீதிக் குழம்பு அதே கரிப்பில்தான் இருக்கும். உப்பில்லாத வேகவைத்த பருப்பையோ வெந்நீரையோ ஊற்றி அளவைக் கூட்டுவது ஒன்றுதான் வழி.

மீன் கவுச்சி

"மீன் வேணாம்" என்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கவுச்சிதான் பிரச்சினை, பாதிப் பேருக்கு முள். முள்ளுக்குப் பயப்படுகிறவர்களுக்கு வஞ்சிரம் துண்டு, சுறாப்புட்டு. நெத்திலியை மொறுமொறுவென்று பொரித்தால் முள்ளோடே சாப்பிட்டுவிடலாம். சங்கரா மீனையும் காரப்பொடி மீனையும் வைத்துப் பழக்க ஆரம்பிக்காதீர்கள்.

கவுச்சி பழைய மீனில் கூடும். கண் தெளிந்து எடுப்பாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ காலையில் வாங்கினாலும் இதைப் பார்த்தே வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வெளியூரிலிருந்து ஐஸில் வரும் பெரிய மீனைவிட, நாட்டுப்படகுகள் கரைக்குப் பக்கத்தில் பிடித்து வரும் சின்ன மீன் பல நாள் புதிதாக இருக்கும்.

கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வையும், நடுமுள்ளை ஒட்டி ஓடும் ரத்தக்கட்டையும் விரல் நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். கவுச்சி அதிகம் தங்குவது அந்த இரண்டு இடத்தில்தான். பிறகு கல்லுப்பு, மஞ்சள்தூள் போட்டுத் தேய்த்து இரண்டு முறை அலசி, கடைசியாகப் புளித்தண்ணீரிலோ மோரிலோ ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். கவுச்சிக்குக் காரணமான பொருள் காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்டது, புளிப்பு அதைக் கட்டிப்போடும். பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் சதை வெளுத்து உதிர ஆரம்பிக்கும்.

குழம்பை முதலில் நன்றாகக் கொதிக்கவைத்து, எண்ணெய் மேலே மிதந்த பிறகு மீனைப் போட்டு, ஏழெட்டு நிமிடத்தில் அணைத்துவிடுங்கள். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றிவிட்டால் துண்டு உடையாது.

பிள்ளைகளும் டிபன் பாக்ஸும்

கீரையைப் பிள்ளை தள்ளுவதற்கு மண், நார், கசப்பு என்று மூன்று காரணம் இருக்கலாம். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் மூன்று முறை அமுக்கி எடுங்கள். தண்ணீரை வடிக்காமல் கீரையை மேலே தூக்கி எடுத்தால்தான் மண் அடியில் தங்கும். நார் வேண்டாம் என்றால் முளைக்கீரையின் கீழ்த்தண்டை வெட்டிவிடுங்கள். மூடாமல் வேகவைத்தால் நிறமும் பச்சையாக நிற்கும். மசித்து, வெந்த பாசிப்பருப்பு ஒரு கரண்டி, நெய் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் கசப்பு அடங்கிவிடும்.

புதுக் காயை முதல் தடவை வேண்டாம் என்றதும் கைவிட்டுவிடாதீர்கள். பல பிள்ளைகளுக்கு எட்டு, பத்து தடவை நாக்கில் பட்ட பிறகுதான் ஒரு சுவை பழகும். ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பூன் மட்டும், பிடித்த கறிக்குப் பக்கத்தில். "இதைச் சாப்பிட்டா சாக்லேட்" என்று பேரம் பேசினால் சாக்லேட்டின் மதிப்புதான் கூடும். தோசைமாவில் துருவிய கேரட்டைக் கலப்பது அவசரத்துக்குச் சரி. ஆனால் மறைத்தே கொடுத்தால் பிள்ளைக்குக் கேரட் பழகாது, தோசைதான் பழகும்.

வீட்டில் நன்றாக இருந்தது டப்பாவில் கெட்டுப்போவதும் உண்டு. வறுவலைச் சூடாகப் போட்டு மூடினால் ஆவி மூடியில் வேர்த்து உள்ளே சொட்டி, மொறுமொறுப்பாக இருந்த வெண்டைக்காய் மதியத்துக்குள் பழையபடி பிசுபிசுத்துவிடும். தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஃபேனுக்கடியில் ஆறவிட்டு, தனி டப்பாவில் வையுங்கள். தேங்காய் போட்ட பொரியலையும் கூட்டையும் சித்திரை வெயிலில் மதியம் ஒரு மணி வரை நம்ப வேண்டாம். அந்த மாதங்களில் டப்பாவுக்குத் தேங்காய் இல்லாமல் பொட்டுக்கடலைப் பொடி தூவிய பொரியலும் புளிசாதமும் பாதுகாப்பு. தயிர் சாதத்துக்குத் தயிரைவிடப் பாலை அதிகம் ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி தயிர் மட்டும் கலந்து கட்டினால் ஒரு மணிக்குத் திறக்கும்போது புளிக்காமல் சரியான பதத்தில் இருக்கும்.